இறந்தவர் நினைவாக அரிய நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

என் அக்கா மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய் இருந்தது. இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் போய்விட்டான். அவன் பேரில் அன்னதானம் செய்யலாம், கோயிலுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று சொந்தத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்கா கேட்டது ஒன்றுதான்: "இந்த நோய்க்கு மருந்து தேடுறவங்களுக்கு ஏதாச்சும் குடுக்க முடியுமாடா?"

முடியும். ஆனால் எப்படி என்று ஒரே இடத்தில் எழுதிவைத்தவர்கள் யாரும் இல்லை. வங்கியில் ஒன்று சொல்வார்கள், ஆடிட்டர் வேறொன்று சொல்வார், ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மூன்றாவதாக ஒன்று சொல்லும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். டுஷேன் நோயை வைத்தே உதாரணங்கள் சொல்கிறேன். வேறு அரிய நோயாக இருந்தாலும் வழி ஏறக்குறைய இதுவேதான்.

முதலில் ஒரு குறிப்பு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. எல்லோர் வாயிலும் பழைய எண்களே இருப்பதால் நானும் அவற்றையே சொல்கிறேன். உங்கள் ரசீதில் எந்த எண் இருக்க வேண்டும் என்பதை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பணம் கொடுப்பவர்களில் பாதிப் பேர் இரண்டும் ஒன்று என்றே நினைப்பார்கள். "ஒரு குழந்தையைக் காப்பாத்தக் குடுத்தேன்" என்று நம்பிக் கொடுத்தவரிடம், அந்தப் பணம் ஆய்வகத்துக்கு வேதிப்பொருள் வாங்கப் போனது என்று பிறகு சொன்னால் மனம் கசந்துபோகும். அது நியாயமான கசப்பு.

மத்திய சுகாதார அமைச்சகம் அரிய நோய்களுக்கென ஓர் இணைய நன்கொடைத் தளம் நடத்துகிறது. 2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி ஏற்பட்டது அது. அங்கே போடும் பணம், அரிய நோய்களுக்கென அரசு குறித்திருக்கும் உயர்சிறப்பு மருத்துவ மையங்களில் பதிவான நோயாளிகளின் சிகிச்சைக்குப் போகும். அது நல்ல காரியம்தான், ஆராய்ச்சி அல்ல. இப்போது உயிரோடு போராடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு உதவ வேண்டும் என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்றால் அங்கே நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். மீதிக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

ஆராய்ச்சிக்குத்தான் என்றால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, முக்கியமாகப் பெற்றவர்கள் முன்னிலையில், ஒரு வரியில் எழுதுங்கள்: யார் நினைவாக, எந்த நோய்க்கு, எந்த வேலைக்கு. பின்னால் வரும் ஒவ்வொரு கடிதத்திலும் இந்த வரி அப்படியே இருக்க வேண்டும்.

2. எவ்வளவு பணம் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாம் திரட்டும் பணத்தில் மருந்து வந்துவிடாது. வேலூர் சி.எம்.சி.யும் அதனுடன் இணைந்த குருத்தணு (ஸ்டெம் செல்) ஆராய்ச்சி மையமும் ஹீமோஃபிலியா ஏ என்ற, இரத்தம் சரியாக உறையாத நோய்க்குச் செய்த மரபணு சிகிச்சை ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வந்தது. ஐந்து நோயாளிகளிடம் செய்த ஆய்வு. அதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணமும் இருந்தன. அந்த அளவிலான செலவை ஒரு குடும்பம் ஏற்க முடியாது.

குடும்பம் செய்யக்கூடியது, அரசுப் பணம் வந்து சேராத சிறு இடைவெளிகளை நிரப்புவது. என் அனுபவத்தில் ஆய்வாளர்கள் மனமுவந்து கேட்டவை இவை: ஏழைக் குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனை, நோயாளிகளின் விவரங்களைத் தொகுக்கும் பதிவேட்டுக்கு ஓர் ஆள், தொலைவிலிருந்து ஆய்வுக்கு வரும் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவு, ஆய்வகத்தில் தீர்ந்துபோகும் பொருட்கள்.

கணக்குக்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். மத்திய அரசு விகிதப்படி இளநிலை ஆராய்ச்சியாளரின் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். ஓராண்டுக்கு 4,44,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆக, நான்கரை ஐந்து லட்சம் திரட்ட முடிந்தால் ஓர் இளம் ஆய்வாளர் ஓராண்டு முழுக்க இந்த நோயை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார வழி செய்கிறீர்கள். மரபணுப் பரிசோதனை என்றால் ஒரு குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். 50,000 ரூபாய்தான் கிடைக்கும் என்று தோன்றினால் பரிசோதனையைத் தேர்ந்தெடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

நினைவுச் சொற்பொழிவு, நினைவுப் பரிசு என்று சிலர் யோசனை சொல்வார்கள். பெயர் நிலைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆராய்ச்சிச் செலவு அல்ல. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

3. நிறுவனத்தைத் தேடுவதும் சரிபார்ப்பதும்

டுஷேன் நோய்க்கு நம் பக்கத்திலேயே இடங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் தசைச்சிதைவு நோய்களுக்கு மரபணுப் பரிசோதனையும் ஆய்வும் செய்கிறது. பெங்களூருவில் பெற்றோர்களின் முயற்சியால் வந்த டார்ட் அறக்கட்டளை, ஜோத்பூர் ஐ.ஐ.டி., ஜோத்பூர் எய்ம்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து மருந்து ஆராய்ச்சியில் இறங்கியிருக்கிறது. மற்ற நோய்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ், ஐதராபாத் சி.டி.எஃப்.டி., டெல்லி ஐ.ஜி.ஐ.பி. போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களைப் பாருங்கள். ஜி.என்.இ. மயோபதி என்ற அரிதினும் அரிதான தசைநோய்க்குக்கூட இந்தியாவில் தனி அமைப்பு இருக்கிறது. உங்கள் நோய்க்கு யாருமே இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

தேட இரண்டு வழிகள். ஒன்று, பிள்ளையைப் பார்த்துவந்த மருத்துவரிடமே "இந்தியாவில் இதில் யார் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்பது. இரண்டாவது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் நோயின் பெயரைப் போட்டுத் தேடுவது. எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், யார் பொறுப்பில் ஆய்வு நடக்கிறது என்பது வரும். கட்டணம் இல்லை.

தனியார் அறக்கட்டளை என்றால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- 12ஏ பதிவுச் சான்று (அறக்கட்டளைக்கு வரி விலக்கு தருவது), 80ஜி சான்று (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தருவது). இரண்டிலும் காலாவதி நாளைப் பாருங்கள்.
- அறக்கட்டளையின் பான் எண், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெற்ற பதிவு எண்.
- கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. அதில் ஆராய்ச்சிக்குப் போனது எவ்வளவு, சம்பளத்துக்கும் விளம்பரத்துக்கும் போனது எவ்வளவு என்று பாருங்கள்.
- வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்.

கேட்டால் கோபப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்காக நடத்துபவர்கள் கேட்ட அன்றே அனுப்பிவிடுவார்கள்.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. குருத்தணு சிகிச்சை, ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரில் தசைச்சிதைவு நோயாளிகளிடம் லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள் உள்ளன. அதையே 'ஆராய்ச்சி' என்றும் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டின் தேசியக் குருத்தணு ஆராய்ச்சி நெறிமுறைகள் தெளிவாக இருக்கின்றன: சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட எலும்பு மஜ்ஜை மாற்றத்தைத் தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே குருத்தணுக்களைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. நோயாளியிடம் பணம் வாங்கி 'ஆராய்ச்சி' செய்யும் இடத்துக்கு உங்கள் பிள்ளையின் பெயரில் ஒரு ரூபாய்கூடப் போகவிடாதீர்கள்.

4. ஒரு ரூபாய் வாங்குவதற்கு முன்னால் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இந்தப் படியை வையுங்கள். பணம் சேர்ந்த பிறகு "குறிப்பிட்ட நோய்க்கென்று நாங்கள் தனியாகப் பிரித்து வைப்பதில்லை, பொது நிதியில்தான் சேர்ப்போம்" என்று பதில் வந்தால் நன்கொடையாளர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"ஐயா / அம்மா, எங்கள் மகன் ___ டுஷேன் தசைச்சிதைவு நோயால் ___ அன்று காலமானான். அவன் நினைவாக உறவினர்களிடமும் நண்பர்களிடமும் நிதி திரட்டித் தங்கள் நிறுவனத்தில் இந்நோய் குறித்து நடக்கும் ஆய்வுக்கு வழங்க விரும்புகிறோம். எதிர்பார்க்கும் தொகை சுமார் ___ ரூபாய். கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் தந்தால் பணியைத் தொடங்குவோம்."

கேள்விகள் இவை. பணத்தை இந்த நோய்க்கென்றே ஒதுக்கிச் செலவிடுவீர்களா? நிர்வாகச் செலவுக்கென எத்தனை சதவீதம் எடுப்பீர்கள்? பெயரிட்ட நிதி என்றால் குறைந்தபட்சத் தொகை உண்டா? ஆய்வு பாதியில் நின்றாலோ பொறுப்பாளர் வேறு இடத்துக்குப் போனாலோ மீதிப் பணம் என்ன ஆகும்? ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் தனித்தனி ரசீது கிடைக்குமா? ஆண்டுக்கு ஒருமுறை செலவு விவரம் தருவீர்களா?

'மூலதன நிதி', அதாவது கார்ப்பஸ் என்ற சொல் பதிலில் வந்தால் நின்று படியுங்கள். அப்படி வாங்கினால் அசலை வங்கியில் போட்டுவிட்டு, வட்டியை மட்டுமே செலவு செய்வார்கள். 3 லட்சத்துக்கு ஆண்டு வட்டி எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் ஆராய்ச்சி நடக்காது. சிறு தொகை என்றால் "குறிப்பிட்ட நோக்கத்துக்கான நன்கொடை" என்றே கேளுங்கள்.

சிறிய அறக்கட்டளை சில நாட்களில் பதில் தரும். அரசு நிறுவனத்தில் கடிதம் ஆய்வாளரிடமிருந்து துறைத்தலைவர், இயக்குநர், கணக்குப் பிரிவு என்று போய்த் திரும்ப வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஆகும். அதனால் நிதி திரட்டும் நாளைப் பதில் வந்த பிறகே குறியுங்கள்.

5. பணம் யார் கணக்குக்கு வர வேண்டும்?

உங்கள் சொந்தக் கணக்குக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் நாணயத்தைச் சந்தேகித்துச் சொல்லவில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் சும்மா வரும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி கேட்கப்படலாம். நன்கொடையாளர்களுக்கு 80ஜி ரசீதும் கிடைக்காது, ஏனென்றால் நிறுவனத்தின் கண்ணுக்குக் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் உங்கள் வாரிசுகளின் சொத்தோடு கலந்துவிடும்.

நல்ல வழி, நிறுவனத்தின் கணக்குக்கோ கியூஆர் குறியீட்டுக்கோ அவரவர் நேரடியாக அனுப்புவது. இதில் இடையில் யாரும் கட்டணம் பிடிப்பதும் இல்லை. நிறுவனத்திடம் ஒரு குறிப்புச் சொல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்புபவர்கள் அதைக் குறிப்பில் எழுதினால் உங்கள் நிதிக்கு வந்தது எது என்று கணக்குப் பிரிவுக்குத் தெரியும். கியூஆர் படத்தைப் பகிரும்போது, திரையில் என்ன பெயர் தெரிய வேண்டும் என்பதையும் கூடவே எழுதுங்கள். படத்தை மாற்றிப் போட்டு ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது வழி மிலாப், கீட்டோ போன்ற இணையத் திரட்டுத் தளங்கள். ஊர் கடந்து நண்பர்கள் இருந்தால் வசதி. பணம் பெறுபவராக நிறுவனத்தையே பதிவு செய்ய வேண்டும். தளக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகியவற்றை முன்பே கேளுங்கள். கட்டணம் இல்லை என்று சொல்லும் தளமும் பணம் கட்டும் பக்கத்தில் 'தளத்துக்கு உதவித்தொகை' என்று ஒன்றை முன்கூட்டியே தேர்வு செய்து வைத்திருக்கும். அதை நீக்கலாம் என்று உங்கள் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள், வயதானவர்கள் கவனிக்க மாட்டார்கள்.

6. ரொக்கம், மொய், உண்டியல்

நம் ஊரில் பணம் ரொக்கமாகத்தான் வரும், அதுவும் பதினாறாம் நாள் காரியத்தன்று வரும். இதைப் பற்றி எந்த நிறுவனமும் உங்களிடம் சொல்லாது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

மொய்ப் பணத்தையும் நிதியையும் கலக்காதீர்கள். மொய் என்பது நாளை அவர்கள் வீட்டில் ஒன்று என்றால் நாம் திருப்பிச் செய்ய வேண்டியது. மொய் நோட்டில் எழுதியவர் அதை நன்கொடையாக நினைத்து எழுதவில்லை. மொய்யிலிருந்து கொடுக்க வீட்டார் விரும்பினால் அது வீட்டாரின் பணமாக, வீட்டார் பெயரில் ரசீதோடு போகட்டும். நிதிக்கென்றே ஒருவர் ரொக்கம் நீட்டினால், முடிந்தவரை அங்கேயே அவர் செல்பேசியிலிருந்து நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். செல்பேசி இல்லாத பெரியவர் என்றால் தனி நோட்டில் பெயர், ஊர், தொகை, கையெழுத்து வாங்கி, மறு வாரமே அவர் பெயரிலேயே நிறுவனத்தில் கட்டி ரசீதை அவர் கையில் சேர்த்துவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கழிவு கிடையாது.

உண்டியல் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். யார் போட்டது என்று தெரியாத பணம் அறக்கட்டளைக்கு 'பெயரற்ற நன்கொடை'. அதன் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தாண்டிய பெயரற்ற நன்கொடைக்கு அறக்கட்டளை 30 சதவீதம் வரி கட்ட நேரும். நாம் அன்போடு கொடுத்த பணம் அவர்களுக்குத் தலைவலி ஆகக் கூடாது.

என் யோசனை: பதினாறாம் நாளில் வசூலே வேண்டாம். "தம்பி பேரில் ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்போகிறோம், விவரம் பிறகு சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லி, விருப்பம் உள்ளவர்களின் செல்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மனம் இளகியிருக்கும்போதே வாங்காவிட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பார்கள். கொடுக்க நினைத்தவர்கள் மூன்று மாதம் கழித்தும் கொடுக்கிறார்கள்.

7. ஆவணங்கள்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் சான்றிதழை இணையத்திலேயே பதிவிறக்கலாம். பெயரின் எழுத்துகள் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு. இணையத் தளத்தில் பக்கம் தொடங்க உங்கள் பான், ஆதார், இறந்தவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவுக்கு ஆதாரம், நோயை உறுதிசெய்யும் மருத்துவமனைச் சுருக்க அறிக்கை, நிறுவனத்தின் சம்மதக் கடிதம் ஆகியவை கேட்கப்படலாம்.

மரபணுப் பரிசோதனை அறிக்கையை மட்டும் எங்கும் பொதுவில் போடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். டுஷேன் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் நோய். பல குடும்பங்களில் தாய் வழியாக வந்திருக்கும், சிலவற்றில் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியிருக்கும். அறிக்கையில் தாயின் நிலையும் எழுதியிருக்கலாம். அதை வாட்ஸ்அப்பில் போட்டால் அந்தத் தாயின் தங்கைகள், மகள், அக்காள் மகள் எல்லோரைப் பற்றியும் ஊர் பேச ஆரம்பிக்கும். பெண் பார்க்க வருபவர் காதுக்கும் போகும். "அவங்க வம்சத்துலயே இருக்காம்" என்ற ஒரு வாக்கியம் எத்தனை பேர் வாழ்க்கையில் விழும் என்று யோசியுங்கள். தளம் கேட்டால் சரிபார்ப்புக்கு மட்டும் என்று சொல்லி, தாயின் விவரம் உள்ள பகுதியை மறைத்துக் கொடுங்கள். வீட்டுப் பெண்கள் பரிசோதனை செய்துகொள்வது பற்றி மரபணு ஆலோசகரிடம் தனியாகப் பேச வேண்டும். அது அவர்களுடைய முடிவு, நிதி திரட்டலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

புகைப்படத்துக்கும் பெற்றோரின் சம்மதம் வேண்டும். மூச்சுக்குழாய் மாட்டிய படம் நிறையப் பணம் கொண்டுவரும் என்பார்கள். அவன் சிரித்த படம் ஒன்றைப் போடுங்கள்.

8. வேண்டுகோள் செய்தி

அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்:

"வணக்கம். எங்கள் மகன் ___ டுஷேன் தசைச்சிதைவு நோயால் ___ அன்று காலமானான். இந்நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அவன் நினைவாக ___ நிறுவனத்தில் நடக்கும் ஆய்வுக்கு ___ ரூபாய் திரட்டுகிறோம். இது ஓர் ஆய்வாளரின் ஓராண்டு உதவித்தொகைக்குப் பயன்படும். பணத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். குறிப்பில் ___ என்று எழுதுங்கள். உங்கள் பெயர், முகவரி, பான் எண், பரிமாற்ற எண் ஆகியவற்றை ___ எண்ணுக்குத் தனியாக அனுப்பினால் ரசீது வரும். கடைசி நாள் ___. சேர்ந்த தொகையை ___ அன்று எல்லோருக்கும் தெரிவிப்போம்."

பான் எண்ணைக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். 'மருந்து கண்டுபிடிக்க' என்று எழுதாதீர்கள், 'ஆய்வுக்கு' என்று எழுதுங்கள். அனுப்பும் முன் செய்தியை நிறுவனத்துக்குக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

9. வெளிநாட்டுச் சொந்தங்கள்

டொரான்டோவில் சித்தப்பா, சிங்கப்பூரில் அத்தை என்று எல்லா வீட்டிலும் யாராவது இருப்பார்கள். அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதே கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். பணம் டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அந்த நிறுவனம் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

"எனக்கு அனுப்புங்க சித்தப்பா, நான் இங்க கட்டிடறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் சட்டச் சிக்கல். நிறுவனத்துக்கு அனுமதி இல்லை என்றால், அவர் இருக்கும் நாட்டிலேயே இந்த நோய்க்காக இயங்கும் அமைப்புக்கு உங்கள் பிள்ளையின் பெயரில் கொடுக்கட்டும். கனடாவில் மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி கனடா, பிரிட்டனில் டுஷேன் யு.கே., அமெரிக்காவில் பேரன்ட் ப்ராஜெக்ட் மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி என்று இருக்கின்றன. அங்குள்ள வரிச் சலுகையும் அவருக்குக் கிடைக்கும். பிரிட்டனில் வரி செலுத்துபவர் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தை நிரப்பினால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும்.

10. எப்போது தொடங்குவது?

செப்டம்பர் 7 உலக டுஷேன் விழிப்புணர்வு நாள். இந்த நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் எக்ஸான் எனப்படும் 79 பகுதிகள் இருப்பதால் 7/9 என்ற அந்தத் தேதி. பிப்ரவரி மாதத்தின் கடைசி நாள் உலக அரிய நோய் நாள். அதையொட்டி, அரிய நோயாளிகளுக்காக இயங்கும் பெங்களூருவின் ஓ.ஆர்.டி.ஐ. அமைப்பு 'ரேஸ் ஃபார் 7' என்ற 7 கிலோமீட்டர் நடை, ஓட்டத்தை நடத்துகிறது. ஓடத் தெரிந்த தம்பி, தங்கைகள் இருந்தால் அங்கே போகலாம். முதல் திதியும் நல்ல நாள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு ஆறு வாரம் முன்னால் செய்தியை அனுப்புங்கள். ஆறு வாரத்துக்கு மேல் நீட்டினால் யாரும் கவனிப்பதில்லை.

மார்ச் கடைசி வாரத்தைத் தவிருங்கள். மார்ச் 31 அன்று அனுப்பிய பணம் ஏப்ரலில் வரவானால் ரசீது அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியைக் கேட்க விரும்பினால், பெறும் அமைப்புக்கு அதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு இருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை ஆராய்ச்சி நிறுவனமே போடட்டும். நீங்கள் அறிமுகம் மட்டும் செய்துவையுங்கள்.

11. வரிக் கழிவு பற்றி மிகையாகச் சொல்லாதீர்கள்

"முழுசும் வரியில கழிஞ்சிடும்" என்று யாராவது உற்சாகத்தில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு 80ஜி-யில் பாதித் தொகைதான் கழியும், அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவர் 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய் கழிவாகி, மிச்சமாவது வரியும் அதன் மேல் வரும் செஸ்ஸும் சேர்த்து 1,040 ரூபாய். அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். புதிய முறையில் இருப்பவர்களுக்கு எதுவும் இல்லை. அறிவியல் ஆராய்ச்சிக்கென்று அனுமதி பெற்ற சில நிறுவனங்களுக்குக் கொடுத்தால், தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு முழுத் தொகையும் கழியும் வழி 80ஜிஜிஏ. உங்கள் நிறுவனத்துக்கு அந்த அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

நிறுவனம் கையில் கொடுக்கும் ரசீது மட்டும் போதாது. நிதியாண்டு முடிந்த பின் மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு 10பிடி என்ற பட்டியலைக் கொடுத்து, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற சான்றிதழை எடுத்துத் தர வேண்டும். கழிவு கேட்க அதுதான் ஆதாரம். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் அவருக்குச் சான்றிதழ் வராது. ஜூன் முதல் வாரத்தில் எல்லோருக்கும் வந்துவிட்டதா என்று நீங்களே விசாரியுங்கள்.

12. பணம் போன பிறகு

சொன்ன தேதியில் மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைப் போடாதீர்கள். 200 ரூபாய் கொடுத்த எதிர்வீட்டு அம்மாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். ஓராண்டு கழித்து நிறுவனத்திடம் செலவு விவரம் கேளுங்கள். வராவிட்டால் மீண்டும் கேளுங்கள், நான்காம் படியில் வாங்கிய கடிதம் அதற்குத்தான். வந்ததும் இரண்டு பத்தியில் தமிழில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆய்வு எதிர்பார்த்தபடி போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

"நம்ம பேர்லயே ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சிடலாமே" என்ற பேச்சு இந்தக் கட்டத்தில் வரும். பத்திரப் பதிவு, பான், 12ஏ, 80ஜி பதிவுகள், ஆண்டுக் கணக்கு, வருமானம் கூடினால் தணிக்கை, வரித் தாக்கல் என்று ஆண்டுதோறும் செலவும் வேலையும் இருக்கும். குறைந்தது மூன்று ஆண்டு வேறொரு நிறுவனம் வழியாகத் திரட்டிப் பாருங்கள். அதன் பிறகும் தொகை வளர்ந்துகொண்டே போனால், வேலை செய்ய இரண்டு மூன்று பேர் நிச்சயமாக இருந்தால், அப்போது ஆடிட்டரிடம் போகலாம்.

அதுவரை நன்கொடையாளர் பட்டியல், நிறுவனத்தின் கடிதங்கள், ரசீதுகள், நோட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, நகல் ஒன்றைக் குடும்பத்தில் இன்னொருவரிடம் கொடுத்துவையுங்கள். பெற்றோரிடம் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் சித்தியோ மாமாவோ வைத்திருக்கட்டும். நிறுவனத்திலிருந்து வரும் தொலைபேசிக்கும் அவரே பதில் சொல்லட்டும்.